ரிலீஃப் பிட்சரின் தொழில் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிலீஃப் பிட்சர் என்பவர் யார்?

பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சருக்கு ஸ்டார்ட்டர் என்று பெயர். அவர் களைத்துப்போனாலோ, அடி வாங்கினாலோ, எதிரணி பேட்டர்களுக்கு அவருடைய பந்து பழகிவிட்டாலோ மேனேஜர் ஆளை மாற்றுவார். அப்படி மாற்றாக வருகிற எல்லோருமே ரிலீஃப் பிட்சர்கள், சுருக்கமாக ரிலீவர்கள். ஆட்டத்திலிருந்து எடுக்கப்பட்டவர் மறுபடி உள்ளே வர முடியாது.

கடைசி ஓவர்களுக்காக பும்ராவின் ஓவர்களை மிச்சம்பிடித்து வைப்பது போல என்று சொன்னால் பாதி புரியும். ஆனால் பும்ரா ஆட்டம் முழுக்கக் களத்தில் நிற்பார், தான் எப்போது வீசுவோம் என்று ஓரளவு அவருக்குத் தெரியும். ரிலீவருக்கு அந்த வசதி இல்லை. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சில நிமிடங்களில் உடம்பைச் சூடாக்கி, ஆட்டத்தின் மிக இக்கட்டான நேரத்தில் போய் முதல் பந்தையே முழு வேகத்தில் வீச வேண்டும். இன்று உண்டா இல்லையா என்பதே பல நாள் கடைசி நேரத்தில்தான் தெரியும். எப்போது கூப்பிட்டாலும் தயாராக இருப்பதுதான் இந்த வேலையின் சாரம்.

ஒரு அணியில் எத்தனை ரிலீவர்கள்? எல்லோருக்கும் ஒரே வேலையா?

வட அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக்கில் ஓர் அணியின் பட்டியலில் 26 பேர் இருப்பார்கள். அதில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது என்பது 2022 முதல் நடைமுறையில் உள்ள விதி. ஐந்து ஸ்டார்ட்டர்கள் போக மீதி எட்டுப் பேர் புல்பென்னில் இருப்பார்கள். மைதானத்தின் ஓரத்தில் ரிலீவர்கள் காத்திருந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் இடத்துக்கும், அந்தக் குழுவுக்கும் அதே பெயர்தான்.

ஓர் ஆட்டத்தில் 9 இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரு அணிகளும் மூன்று அவுட் ஆகும்வரை அடிக்கும். கடைசியான 9வது இன்னிங்ஸில் முன்னிலையைக் காப்பவர் க்ளோசர். அவருக்கு முந்தைய ஓரிரண்டு இன்னிங்ஸ்களைப் பார்த்துக்கொள்பவர் செட்டப். ஸ்டார்ட்டர் 2வது இன்னிங்ஸிலேயே சரிந்துவிட்டால் மூன்று, நான்கு இன்னிங்ஸ் தாங்குபவர் லாங் ரிலீவர். இந்த லாங் ரிலீவரை யாரும் கொண்டாடுவதில்லை. ஆனால் அவர் அன்றைக்குத் தாங்காவிட்டால் அடுத்த மூன்று நாளுக்குப் புல்பென்னில் கை ஓய்ந்தவர்கள்தான் மிஞ்சுவார்கள்.

முன்பு இன்னொரு வகையினரும் இருந்தார்கள். எதிரணியின் ஒரே ஒரு இடதுகை பேட்டரைச் சமாளிக்க வந்து, அந்த ஒருவரை முடித்ததும் போய்விடும் இடதுகை ஸ்பெஷலிஸ்டுகள். 2020ல் வந்த விதி அந்தப் பிழைப்பை முடித்துவிட்டது. இப்போது உள்ளே வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்கு வீச வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸ் முடியும்வரை நிற்க வேண்டும். காயம், உடல்நலக்குறைவுக்கு மட்டும் விலக்கு.

சிறுவயதிலிருந்தே ரிலீவராக ஆசைப்பட்டு வருபவர்கள் உண்டா?

மிகக் குறைவு. பள்ளி, கல்லூரி அணிகளில் நன்றாக வீசுபவர் ஸ்டார்ட்டராகத்தான் இருப்பார். மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படிகளான மைனர் லீக்கில் சில ஆண்டுகள் கழித்து, இவரிடம் நம்பகமான பந்து வகை இரண்டுதான் இருக்கிறது, மூன்றாவது வரவில்லை என்று அணி முடிவுக்கு வரும்போது புல்பென்னுக்கு மாற்றுவார்கள். காரணம் நேரடியானது. ஸ்டார்ட்டர் ஒரே பேட்டரை ஒரே ஆட்டத்தில் மூன்று முறை சந்திக்கிறார். மூன்றாவது முறை வரும்போது பேட்டர் எல்லாப் பந்தையும் பார்த்துப் பழகியிருப்பார். ரிலீவரை அவர் அநேகமாக ஒருமுறைதான் பார்ப்பார், அதனால் இரண்டு பந்து போதும். ஆறு இன்னிங்ஸுக்குச் சக்தியைப் பங்கிட வேண்டியதில்லை என்பதால், ஸ்டார்ட்டராக இருந்தவருக்குப் புல்பென்னில் மணிக்கு ஒன்றிரண்டு மைல் வேகம் கூடுவதும் வழக்கம்.

மரியானோ ரிவேராவின் பாதையும் இதுதான். பனாமாவின் மீனவக் கிராமமான புவெர்ட்டோ கைமிட்டோவில் வளர்ந்தவர். 1990ல் நியூயார்க் யாங்கீஸ் சொற்பத் தொகைக்கு ஒப்பந்தம் செய்தது. 1995ல் மேஜர் லீக்கில் 10 ஆட்டங்களில் ஸ்டார்ட்டராக இறங்கினார், அதோடு சரி. 1996ல் ஜான் வெட்டலேண்டுக்கு செட்டப்பாக 107 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 130 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டர் அடிக்க முடியாமலே அவுட்டாவது) எடுத்தார். வெட்டலேண்ட் அணியை விட்டுப் போனதும் 1997ல் க்ளோசர் ஆனார்.

பிட்சராகவே தொடங்காதவர்களும் இருக்கிறார்கள். 601 சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்த கணக்கு, விளக்கம் கீழே) எடுத்த ட்ரெவர் ஹாஃப்மன் மைனர் லீக்கில் ஷார்ட்ஸ்டாப், அதாவது 2வது, 3வது தளங்களுக்கு நடுவே நிற்கும் தடுப்பாளர். அடிக்க வரவில்லை, ஆனால் கை வலுவாக இருந்தது, 1991ல் பிட்சராக மாற்றினார்கள். குராசோ தீவைச் சேர்ந்த கென்லி ஜான்சன், பேட்டருக்குப் பின்னாலிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சராக இருந்தவர். 2009ல் மாறினார், 2010ல் மேஜர் லீக்கில் வீசினார். இருபத்தைந்து வயதை நெருங்கிய பிறகும் உள்ளே நுழையத் திறந்திருக்கும் கதவு பேஸ்பாலில் இது ஒன்றுதான்.

எத்தனை வகைப் பந்து கைவசம் வேண்டும்?

இரண்டு. அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். அதாவது கையிலிருந்து கிளம்பும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்து, பேட்டர் முடிவெடுத்த பிறகு வெவ்வேறு பக்கம் பிரிய வேண்டும். பிட்சர் நிற்கும் ரப்பர் பட்டையிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகப் பந்து அங்கே போய்ச்சேர ஏறத்தாழ 0.4 வினாடி ஆகும். அதில் பாதி நேரத்துக்குள் அடிப்பதா விடுவதா என்று பேட்டர் தீர்மானித்தாக வேண்டும். அதனால் ஏமாற்று வேலை முழுக்கப் பந்தின் முதல் பாதிப் பயணத்தில்தான் நடக்கிறது.

இன்றைய புல்பென்களில் அதிகம் காணும் ஜோடி, நேராக வரும் ஃபோர்-சீம் வேகப்பந்தும் கடைசியில் பக்கவாட்டில் விலகும் ஸ்லைடரும். வேகப்பந்து மேலே, ஸ்லைடர் கீழே வெளிப்பக்கமாக. ஹாஃப்மனுக்குத் தோள் காயத்துக்குப் பிறகு வேகம் குறைந்தது. வேகப்பந்தின் அதே கை அசைவில் மெதுவாக வரும் சேஞ்சப்பை ஆயுதமாக்கிக்கொண்டார். பழைய ரிலீவர்களில் ப்ரூஸ் சட்டருக்கு, கடைசி நேரத்தில் கீழே இறங்கும் ஸ்ப்ளிட்டர். ஹோய்ட் வில்ஹெல்முக்கு, சுழலாமல் மிதந்து தள்ளாடிவரும் நக்கிள்பால்.

ரிவேரா மட்டும் விதிவிலக்கு. 1997ல் சக வீரர் ரமிரோ மெண்டோசாவுடன் பந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய வேகப்பந்து தானாகவே கடைசி நேரத்தில் ஒரு பக்கமாக விலகத் தொடங்கியது. முதலில் அதை நிறுத்தத்தான் பார்த்தார், முடியவில்லை. அதுதான் பிறகு பெயர்பெற்ற கட்டர். பிடி கிட்டத்தட்ட ஃபோர்-சீம் பிடியேதான். பந்தை விடும் நேரத்தில் நடுவிரல் கொஞ்சம் கூடுதலாக அழுத்தும், அவ்வளவே. வலதுகை வீச்சாளரான அவருடைய கட்டர், இடதுகை பேட்டரின் கைப்பக்கமாக உள்ளே நுழையும். பந்து மட்டையின் தடித்த பகுதியில் படாமல் கைப்பிடிக்கு அருகே பட்டு மட்டை முறியும். என்ன வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் ஒரே பந்தை வைத்துப் பதினாறு ஆண்டுகள் ஆண்டார். இதை மற்றவர்களுக்கு முன்மாதிரியாகச் சொல்லக்கூடாது என்பதே எங்கள் கருத்து. இதுவரை வேறு யாருக்கும் அது அந்த அளவுக்குக் கைகூடவில்லை.

புல்பென்னில் சூடேறுவது எப்படி நடக்கிறது?

இந்தத் தொழிலில் வெளியே தெரியாத பாதி வேலை இங்கேதான் நடக்கிறது.

மேனேஜர் பக்கத்திலிருந்து புல்பென்னுக்குப் போன் மணி அடித்த பிறகுதான் இது தொடங்குவதாக நினைப்பது தவறு. அனுபவமுள்ள ரிலீவர் ஆட்டத்தின் போக்கைப் பார்த்துத் தன் நேரம் நெருங்குவதை முன்கூட்டியே உணர்வார். 5வது, 6வது இன்னிங்ஸ் வாக்கில் எழுந்து நடப்பார், இடுப்பையும் தொடையையும் நீட்டி மடக்குவார், இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பரைக் கம்பியில் மாட்டித் தோளின் சிறு தசைகளை எழுப்புவார். எடை கூடிய பயிற்சிப் பந்தைச் சுவரில் எறிபவர்களும் உண்டு. இவ்வளவும் முடிந்திருந்தால், போன் வந்தபின் தேவைப்படுவது 15 முதல் 25 பந்துகள்தான்.

முதல் நான்கைந்து பந்து கேட்சர் நின்றபடி இருக்க, அரை வேகத்தில். பிறகு கேட்சர் குந்துவார். வேகப்பந்தை முதலில் பிளேட்டின் ஒரு ஓரத்துக்கு, அடுத்து மறு ஓரத்துக்கு. அதன்பின் ஸ்லைடரோ சேஞ்சப்போ ஐந்தாறு. ஓடிச் சேர வேண்டிய தளங்களில் எதிரணி ரன்னர்கள் நிற்கும் நிலையில் உள்ளே போக வேண்டியிருந்தால், கால் தூக்கலைக் குறைத்து வீசும் குறுகிய நிலையில் சில. கடைசி இரண்டு மூன்று மட்டும் முழு வேகம். கோச் பார்க்கும்போது கை தூக்கினாலோ தொப்பியைத் தொட்டாலோ 'நான் தயார்' என்று பொருள்.

இங்கே தவறு நடப்பது பெரும்பாலும் நேரக்கணக்கில். சீக்கிரம் தொடங்கினால் நல்ல பந்துகள் புல்பென்னிலேயே செலவாகிவிடும். தாமதமானால் தோள் இறுகியிருக்க, முதல் பேட்டருக்குப் பந்து உயரமாகப் போய்விடும். இன்னொன்று, எழுப்பிச் சூடாக்கிவிட்டு உள்ளே அனுப்பாமல் உட்காரவைப்பது. பத்து நிமிடத்தில் உடம்பு ஆறிவிடும், மறுபடி ஏழெட்டுப் பந்து வேண்டும். ஒரே இரவில் இரண்டு முறை இப்படி நடந்தால் அந்தக் கைக்கு அது ஒரு முழு ஆட்டத்துக்குச் சமம். ஆனால் புள்ளிவிவரத்தில் அவர் அன்றைக்கு ஆடவே இல்லை. தன் புல்பென்னை நன்றாக நடத்தும் மேனேஜர் இந்த மறைமுக எண்ணிக்கையைத் தனியாகக் குறித்துவைப்பார். குறிக்காதவருடைய ரிலீவர்கள் ஆகஸ்ட் மாதம் வேகம் இழப்பார்கள்.

மவுண்டுக்கு வந்தபின் எவ்வளவு நேரம் கிடைக்கும்?

மவுண்ட் என்பது பிட்சர் நின்று வீசும் மண்மேடு. அங்கே கிடைப்பது சுமார் இரண்டு நிமிடம். அதற்குள் சில பயிற்சிப் பந்துகள். முந்தைய பிட்சர் காயத்தால் திடீரென்று வெளியேறியிருந்தால் மட்டும், புதியவர் தயாராகத் தேவையான நேரத்தை அம்பயர் கொடுப்பார். அந்தப் பந்துகளைக் கையைச் சூடாக்க வீணடிக்கக்கூடாது, கை ஏற்கெனவே சூடு. புல்பென் மண்ணும் மவுண்ட் மண்ணும் வேறு. முன்னவரின் கால் பதிந்து உண்டான பள்ளம் தன் கால் விழும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, காலால் மண்ணைத் தள்ளிச் சரிசெய்வதுதான் முதல் வேலை. பார்வையாளர்கள் இதை நேரம் கடத்துவதாக நினைக்கிறார்கள். முன்னங்கால் ஓர் அங்குலம் சறுக்கினாலும் பந்து பிளேட்டில் அரை அடி தவறும்.

பிறகு கடிகாரம். 2023ல் வந்த விதிப்படி, தளங்கள் காலியாக இருந்தால் 15 வினாடிக்குள் வீசத் தொடங்க வேண்டும். ரன்னர் இருந்தால் முதல் ஆண்டில் 20 வினாடி, 2024 முதல் 18. தவறினால் பேட்டருக்குச் சாதகமாக ஒரு 'பால்' (தவறான பந்து, நான்கு சேர்ந்தால் முதல் தளம் இலவசம்) கணக்கு. பந்துக்குப் பந்து மூச்சு வாங்கி, மவுண்டைச் சுற்றி நடந்து பழகிய ரிலீவர்களுக்குத்தான் இது அதிகம் உறைத்தது.

ரன்னர்கள் இருக்கும்போது உள்ளே வந்தால் கணக்கு எப்படி?

முன்னவர் விட்டுப்போன ரன்னர்கள் ஓடி முடித்தால், அந்த ரன் முன்னவர் கணக்கில்தான் எழுதப்படும். புதிதாக வந்தவருடைய ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்ற சராசரி, கெடாது. அதனால் ஒரு ரிலீவர், விட்டுப்போன மூன்று பேரையும் ஓடவிட்டுத் தன் எண்ணிக்கையைச் சுத்தமாக வைத்திருக்கலாம். மறுபுறம், அவர் விட்டுப்போகும் ரன்னர்களை அடுத்தவர் காப்பாற்றவில்லையென்றால் இவருக்கு அடி.

இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள். ரிலீவர் ஒரு சீசனில் 60 முதல் 70 இன்னிங்ஸ்தான் வீசுகிறார். ஒரே இரவில் 5 ரன் கொடுத்தால், 60 இன்னிங்ஸ் வீசியவரின் ஈ.ஆர்.ஏ. 0.75 ஏறிவிடும். 180 இன்னிங்ஸ் வீசும் ஸ்டார்ட்டருக்கு அதே 5 ரன் 0.25தான். ஒரு கெட்ட இரவு ஒரு முழு ஆண்டின் தோற்றத்தையே மாற்றிவிடும்.

சேவ் என்றால் சரியாக என்ன?

1969 முதல் அதிகாரபூர்வப் புள்ளிவிவரம். பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் 1960 வாக்கில் முன்வைத்த யோசனையிலிருந்து வந்தது. வென்ற அணியின் கடைசிப் பிட்சராக இருக்க வேண்டும், வெற்றி அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கக் கூடாது, குறைந்தது ஒரு அவுட்டாவது எடுத்திருக்க வேண்டும். இவற்றோடு மூன்றில் ஒன்று பொருந்த வேண்டும். 3 ரன்னுக்கு மேற்படாத முன்னிலையில் வந்து ஒரு முழு இன்னிங்ஸ் வீசியிருக்கலாம். அல்லது, ஆட்டத்தைச் சமன்செய்யக்கூடிய ஆள் தளத்திலோ, பேட்டிங்கிலோ, அடுத்து வரக் காத்திருக்கும் இடத்திலோ இருக்கும்போது உள்ளே வந்திருக்கலாம். அல்லது, முன்னிலை எவ்வளவாக இருந்தாலும் மூன்று இன்னிங்ஸ் சிறப்பாக வீசியிருக்கலாம்.

முன்னிலையைத் தொலைத்தால் ப்ளோன் சேவ். க்ளோசருக்கு முன்னால் வந்து முன்னிலையைக் கைமாற்றிக் கொடுத்தவருக்கு ஹோல்டு, ஆனால் அது அதிகாரபூர்வமானதல்ல.

அப்படியானால் சேவ் எண்ணிக்கை கூடியவர்தான் சிறந்த ரிலீவரா?

இல்லை. இதை அழுத்திச் சொல்கிறோம். 3 ரன் முன்னிலையில், தளங்கள் காலியாக, 9வது இன்னிங்ஸில் வந்து இரண்டு ரன் கொடுத்து முடித்தாலும் சேவ். ஒரு ரன் முன்னிலையில், 7வது இன்னிங்ஸில், மூன்று தளங்களும் நிறைந்திருக்க, யாரும் அவுட்டாகாத நிலையில் வந்து ஒரு ரன்னும் விடாதவருக்கு வெறும் ஹோல்டு.

சேவ் கணக்கு மேனேஜர்களின் முடிவையும் கெடுத்திருக்கிறது. 2016ல் பால்டிமோர் அணியின் ஸாக் பிரிட்டன் 47 வாய்ப்பில் 47 சேவ், ஈ.ஆர்.ஏ. 0.54. அந்த அக்டோபரில் டொராண்டோவில், தோற்றால் வெளியேற்றம் என்ற ஆட்டம் சமநிலையில் 11வது இன்னிங்ஸ்வரை போயிற்று. விருந்தினர் அணிக்கு முன்னிலை கிடைத்தால்தான் சேவ் வாய்ப்பு என்பதால், க்ளோசரை அதுவரை பிடித்துவைப்பது வழக்கம். மேனேஜர் பக் ஷோவால்ட்டர் அப்படியே செய்தார். வேறொரு பிட்சர் வீசிய பந்தை எட்வின் என்கார்னாசியோன் 3 ரன் ஹோம்ரன்னாக அடித்தார். அந்த ஆண்டின் மிகச் சிறந்த ரிலீவர் ஒரு பந்தும் வீசாமலே சீசன் முடிந்தது. அதே அக்டோபரில் கிளீவ்லாண்டின் டெரி ஃப்ராங்கோனா, ஆண்ட்ரூ மில்லரை 5வது, 6வது இன்னிங்ஸிலேயே, எங்கே ஆபத்தோ அங்கே இறக்கி, மேஜர் லீக் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் இறுதிவரை அணியைக் கொண்டுபோனார்.

சேவுக்குப் பதில் பார்க்க வேண்டியவை: ஸ்ட்ரைக்அவுட் விகிதம், நான்கு பாலால் முதல் தளத்துக்கு நடக்கவிட்ட பேட்டர்களின் விகிதம், விட்டுப்போன ரன்னர்களில் எத்தனை பேரைத் தடுத்தார், எவ்வளவு இக்கட்டான நேரங்களில் அவரை இறக்கினார்கள். கடைசியதற்கு லெவரேஜ் இண்டெக்ஸ் என்ற அளவு உண்டு. சராசரி 1. அதற்கு மேல் போகப்போக இக்கட்டு கூடுகிறது.

தொடர்ந்து எத்தனை நாள் வீசலாம்?

1974ல் டாட்ஜர்ஸின் மைக் மார்ஷல் 106 ஆட்டங்களில், எல்லாமே ரிலீஃபாக, 208 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்ற முதல் ரிலீவர் அவர்தான். இன்று எந்த அணியும் அதை அனுமதிக்காது. இரண்டு நாள் தொடர்ந்து வீசுவது சாதாரணம், மூன்றாம் நாள் அபூர்வம், அதற்குப் பிறகு கட்டாய ஓய்வு. முந்தைய இரவு 30 பந்துக்கு மேல் போயிருந்தால் மறுநாள் பெரும்பாலும் கிடையாது. சீசனில் 162 ஆட்டம் என்பதை மறக்கக்கூடாது. ஏப்ரலில் தேவையில்லாமல் வீசிய ஒவ்வொரு பந்துக்கும் செப்டம்பரில் கணக்குத் தீர்க்க வேண்டிவரும்.

எந்தக் காயங்களுக்கு அதிகம் பயப்படுவார்கள்?

முழங்கையின் உட்புறத் தசைநார். பந்தை விடும் கணத்துக்குச் சற்று முன் கை பின்னால் வளையும்போது அந்தத் தசைநாரின் மேல் விழும் இழுவை, அதன் தாங்குதிறனுக்கு மிக அருகே போகிறது. சுற்றியுள்ள தசைகள்தான் மீதிப் பாரத்தை வாங்கிக்கொள்கின்றன. தசைகள் களைத்திருந்தால் பாரம் முழுக்கத் தசைநாருக்கு. களைத்த நிலையில் வீசுவது ஏன் ஆபத்து என்பதற்கு விடை இதுதான்.

முன்னறிகுறிகளில் வலி கடைசியாகத்தான் வரும். முதலில் கட்டுப்பாடு போகும், பந்து உயரமாகவும் கையின் பக்கமாகவும் விலகும். பிறகு வேகம் ஒன்றிரண்டு மைல் குறையும். முன்கை இறுகுவதாகச் சொல்வார்கள். சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் மரத்துப்போகும் உணர்வு வந்தால் அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

கிழிந்தால் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை. 1974ல் டாக்டர் ஃப்ராங்க் ஜோப், டாமி ஜான் என்ற இடதுகைப் பிட்சரின் மற்றொரு கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து முழங்கையில் பொருத்தினார். 1976ல் திரும்பி வந்த ஜான், அதன் பிறகு மட்டும் 164 வெற்றி பெற்றார். மீண்டுவர இன்றும் 12 முதல் 18 மாதம் ஆகிறது. கை நன்றாகிவிட்டதாகத் தோன்றும் 7வது, 8வது மாதத்தில் அவசரப்படுபவர்கள்தான் இரண்டாம் முறை மேசைக்குப் போகிறார்கள்.

கை மட்டுமே ஆபத்தல்ல. 2012 மே 3ல் கான்சாஸ் சிட்டியில், ஆட்டத்துக்கு முன் பறந்துவரும் பந்துகளைப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்த ரிவேராவுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. அப்போது வயது 42. 2013ல் திரும்பி வந்து 44 சேவ் எடுத்துவிட்டுத்தான் ஓய்வுபெற்றார்.

மைனர் லீக்கில் எவ்வளவு காலம்? சம்பளம் எவ்வளவு?

புதியவர்களுக்கான காம்ப்ளெக்ஸ் லீக், சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று படிகள். நல்ல ரிலீவர் ஸ்டார்ட்டரைவிட வேகமாக ஏறலாம், ஏனென்றால் மெருகேற்ற வேண்டிய பந்துகள் குறைவு. மைனர் லீக் வீரர்களுக்கு முதல் கூட்டு ஒப்பந்தம் 2023ல்தான் வந்தது. அதன்படி குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் காம்ப்ளெக்ஸ் லீக்கில் 19,800 டாலர், டிரிபிள்-ஏயில் 35,800 டாலர். அதற்கு முன் நிலைமை இன்னும் மோசம். மேஜர் லீக்கின் குறைந்தபட்சம் 2025ல் 7,60,000 டாலர், அதாவது பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 4,000. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இவ்வளவு தூரம்.

ரிலீவர்களை மட்டும் ஏன் இப்படி மேலும் கீழும் அனுப்புகிறார்கள்?

'ஆப்ஷன்' காரணம். அந்த 26 பேரையும் சேர்த்து அணி வைத்திருக்கும் 40 பேர் பட்டியலில் உள்ள வீரரை மூன்று சீசன்கள்வரை, மற்ற அணிகளின் அனுமதி தேவைப்படாமல், மைனர் லீக்குக்கு அனுப்பித் திரும்ப அழைக்கலாம். நேற்று மூன்று இன்னிங்ஸ் வீசியவரால் இன்றும் நாளையும் பயனில்லை என்றால், அவரைக் கீழே அனுப்பிவிட்டு ஓய்வாக உள்ள கையை மேலே கொண்டுவருவார்கள். நன்றாக வீசியதற்குப் பரிசாக விமான டிக்கெட் கிடைப்பது ரிலீவர்களின் வாழ்வில் சகஜம், நியாயமே இல்லாத சகஜம். 2022 முதல் ஒரு சீசனில் ஒருவரை ஐந்து முறைக்கு மேல் இப்படி அனுப்ப முடியாது. அனுப்பப்பட்ட பிட்சர், காயமடைந்த ஒருவருக்கு மாற்றாக அழைக்கப்பட்டாலொழிய, 15 நாள் கீழே இருக்க வேண்டும்.

மூன்று ஆப்ஷன் ஆண்டுகளும் தீர்ந்தவரை அனுப்ப வேண்டுமானால் மற்ற அணிகள் எடுத்துக்கொள்ள வழிவிட்டாக வேண்டும். அந்த நிலையில் உள்ளவருக்கு மார்ச் மாதப் பயிற்சி முகாம் வாழ்வா சாவா. ஒன்று இடம் கிடைக்கும், இல்லையேல் ஒரு வாரத்துக்குள் வேறு அணிச் சட்டை.

பெரிய பணம் எப்போது வரும்?

பட்டியலில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டுச் சேவை. மூன்று ஆண்டுக்குப் பிறகு சம்பளத்தை நடுவர் மன்றம்வரை கொண்டுபோகும் உரிமை, ஆறு ஆண்டுக்குப் பிறகு எந்த அணிக்கும் போகும் சுதந்திரம். 2022 நவம்பரில் எட்வின் டியாஸ் நியூயார்க் மெட்ஸுடன் ஐந்து ஆண்டுக்கு 10.2 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தார். பத்துக் கோடியைத் தாண்டிய முதல் ரிலீவர் ஒப்பந்தம் அது. அடுத்த மார்ச்சில் உலக பேஸ்பால் கிளாசிக்கில் போர்ட்டோ ரிக்கோவின் வெற்றியைக் கொண்டாடும்போது முழங்கால் தசைநாண் கிழிந்து 2023 முழுக்க இழந்தார். 2024 ஜனவரியில் ஜாஷ் ஹேடருக்கு ஹூஸ்டன் ஐந்து ஆண்டுக்கு 9.5 கோடி.

இவை உச்சியில் உள்ளவர்களுக்கு. பெரும்பாலான ரிலீவர்களுக்கு ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம்தான். ஆறு ஆண்டுச் சேவையை எட்டுவதற்கு முன்பே கை தீர்ந்துபோகிறவர்கள் அதிகம் என்பதால், கிடைக்கும் முதல் உறுதியான பல்லாண்டு ஒப்பந்தத்தை வாங்கிக்கொள்வதே ரிலீவருக்குப் புத்திசாலித்தனம்.

ஆட்டத்தைக் கோட்டைவிட்ட மறுநாள் என்ன செய்வார்கள்?

வீடியோ பார்ப்பார்கள். முதல் கேள்வி, பந்து நினைத்த இடத்துக்குப் போனதா? போயும் அடித்தார்களென்றால் அதில் திருத்த ஒன்றுமில்லை. போகவில்லையென்றால் கையை விடும் புள்ளி தாழ்ந்ததா, முன்தோள் சீக்கிரம் திறந்ததா என்று தேடுவார்கள். அடுத்தது, பந்தைக் காட்டிக்கொடுக்கிறாரா என்பது. ஸ்லைடருக்குப் பிடி மாற்றும்போது கையுறை சற்று விரிவது, வேகப்பந்துக்கு மட்டும் கையுறையை உயரே வைப்பது போன்றவற்றை எதிரணி ஓரிரு நாளில் கண்டுபிடித்துவிடும்.

2001 உலகத் தொடரின் 7வது ஆட்டத்தில், அரிசோனாவில், 2-1 முன்னிலையோடு 9வது இன்னிங்ஸை வீசிய ரிவேரா தோற்றார். அவர் தளத்துக்கு எறிந்த பந்து ஒன்று தவறியது, டோனி வோமாக்கின் டபுளில் (இரண்டாம் தளம்வரை ஓடும் அடி) ஆட்டம் சமன் ஆனது. கடைசியில் லூயிஸ் கொன்சாலஸ் அடித்தது வலுவான அடியே அல்ல. கட்டர் உள்ளே நெருக்க, முன்னேறி நின்ற தடுப்பாளர்களின் தலைக்குச் சற்று மேலே போய் மெல்ல விழுந்தது. வீசிய பந்து சரி, விளைவு தோல்வி. அதற்குப் பிறகும் அவர் அதே பந்தைத்தான் 12 ஆண்டுகள் வீசினார். மொத்தம் 652 சேவ், ஈ.ஆர்.ஏ. 2.21, சீசனுக்குப் பிந்தைய சுற்றுகளில் 0.70. 2019ல் வாக்களித்த 425 பேரும் ஆதரிக்க, பேஸ்பாலின் உயரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒருமனதாகத் தேர்வான முதல் வீரர்.

அமெரிக்காவுக்கு வெளியே வாய்ப்பு உண்டா?

ஜப்பான், கொரியா, தைவான், மெக்சிகோ. ஜப்பானில் ரிலீவருக்கு மதிப்பு அதிகம். சுனிச்சி டிராகன்ஸின் ஹிட்டோக்கி இவாசே 1,002 ஆட்டங்களில் 407 சேவ் எடுத்தவர். 2007 ஜப்பான் தொடரின் 5வது ஆட்டத்தில் அந்த அணியின் ஸ்டார்ட்டர் டைசுகே யமாய் 8 இன்னிங்ஸில் ஒருவரையும் தளமேற விடவில்லை. அப்படியிருந்தும் 1-0 முன்னிலையில் மேனேஜர் ஹிரோமிட்சு ஓச்சியாய் இவாசேயை இறக்கினார். அவரும் மூவரையும் வரிசையாக முடித்தார், கோப்பை வந்தது. அந்த முடிவு சரியா என்று ஜப்பானில் இன்றும் வாதிடுகிறார்கள். இவாசே அன்று சுமந்தது போன்ற பாரத்தை வேறெந்த ரிலீவரும் சுமந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

இந்தியர் யாராவது முயன்றிருக்கிறார்களா?

உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் படேல். இருவரும் ஈட்டி எறிபவர்கள். 2008ல் இந்தியாவில் நடந்த ஒரு பந்து வீச்சுப் போட்டி மூலம் தேர்வாகி, அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸுடன் ஒப்பந்தம் செய்தார்கள். படேல் 2010ல் விடுவிக்கப்பட்டார். இடதுகை வீச்சாளரான ரிங்கு சிங்கிள்-ஏ வரை ஏறினார், பிறகு காயங்கள் தொடர்ந்தன. இருவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை. பேஸ்பாலையே பார்த்திராதவர்கள் சில ஆண்டுகளில் அந்த அளவுக்குப் போனது சாதாரண விஷயமல்ல.

கிரிக்கெட் வீச்சாளர்கள் கேட்பதால் ஒரு குறிப்பு: பேஸ்பாலில் முழங்கையை மடக்கி நீட்டி எறியும் தசைப் பழக்கம் வேறு. எல்லைக்கோட்டிலிருந்து வேகமாக எறியும் ஃபீல்டரின் கைதான் பிட்சருடையதற்கு நெருக்கம்.

ஓய்வுக்குப் பின்?

மேஜர் லீக் பட்டியலில் ஒரு நாள் இருந்தவருக்கே மருத்துவக் காப்பீட்டில் சேரும் உரிமை உண்டு. 43 நாள் இருந்தால் ஓய்வூதியத் தகுதி தொடங்குகிறது, 10 ஆண்டு இருந்தால் முழு அளவு. மேலும் கீழும் போய்வரும் ரிலீவர்கள் தங்கள் சேவை நாட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். செப்டம்பரில் பட்டியல் 28 ஆக விரியும்போது வரும் அழைப்பு, 20 நாள் மட்டுமே சேர்த்திருக்கும் ஒருவரை அந்த 43ஐத் தாண்டவைத்துவிடலாம்.